நுண்ணுயிரால் நீர் தூய்மை பெறுமா? – கடலூர், சிதம்பரம் நீர்நிலைகளை முன்வைத்து ஓர் ஆய்வு

தென்பெண்ணைக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட கடலூர் மாவட்டக் கடற்கரை நீளத்தில் சிறியதாயினும், நீர் மாசின் பெரும்பாலான வகைகளை ஒருங்கே காட்டும் நிலப்பரப்பாகும். வடக்கே கடலூர் சிப்காட் தொழில் வளாகத்தை ஒட்டி உப்பனாறு ஓடுகிறது. தெற்கே பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றின் கழிமுகமும், அதற்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே பிச்சாவரம் அலையாத்திக் காடும் அமைந்துள்ளன. கழிமுகங்களை ஒட்டிய தாழ்நிலங்களில் இறால் பண்ணைகள் இருக்கின்றன. சற்று உள்ளே சிதம்பரம் நகரத்தின் பழங்குளங்கள் வீட்டுக் கழிவுநீரின் நெருக்கடிக்கு ஆளாகி நிற்கின்றன. நன்மை செய்யும் நுண்ணுயிர்களை நீரில் விட்டால் அவை அழுக்கைத் தின்று நீரைத் தெளியவைக்கும் என்னும் யோசனை இந்த இடங்கள் அனைத்துக்கும் ஒரே மருந்தாக இப்போது முன்வைக்கப்படுகிறது. அந்த யோசனை எங்கே மெய், எங்கே அரைமெய், எங்கே பொய் என்பதை இடம் இடமாகப் பிரித்துப் பார்ப்பதே இச்சொற்பொழிவின் நோக்கம்.

நுண்ணுயிர் அழுக்கைத் தின்கிறது என்று சொல்லும்போது நிகழ்வது என்னவென்று முதலில் தெளிவுபடுத்த வேண்டும். மலம், உணவுக் கழிவு, சோப்பு, எண்ணெய் போன்ற கரிமப் பொருள்கள், அதாவது கரியணுக்களாலான பொருள்கள், பாக்டீரியாவுக்கு உணவாகின்றன. அவ்வுணவில் ஒரு பகுதியைக் கொண்டு அது தன் உடலைப் பெருக்கிக்கொள்கிறது. மறுபகுதியை ஆக்சிஜனோடு சேர்த்து எரித்துக் கரியமில வாயுவாகவும் நீராகவும் மாற்றி, அதிலிருந்து ஆற்றல் பெறுகிறது. ஒரு லிட்டர் கழிவுநீரிலுள்ள அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்ற அளவே உயிர்வழி ஆக்சிஜன் தேவை; பொறியாளர் வழக்கில் அது பி.ஓ.டி. எனப்படும். நீர் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதைச் சொல்லும் இந்த எண்ணே, அதைத் திருத்த எவ்வளவு காற்று தேவை என்பதையும் சொல்லிவிடுகிறது.

சிதம்பரத்தின் குளங்களுக்கு இந்தக் கணக்கைப் பொருத்திப் பார்க்கலாம். வீட்டுக் கழிவுநீரின் பி.ஓ.டி. பொதுவாக லிட்டருக்கு 200 முதல் 300 மில்லிகிராம் வரை இருக்கும். ஆனால் 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில், காற்றோடு தாராளமாகக் கலந்த நன்னீரிலும் லிட்டருக்கு 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரைந்திருக்கும். ஆகவே 225 மில்லிகிராம் பி.ஓ.டி. உள்ள ஒரு லிட்டர் சாக்கடை குளத்தில் விழுந்தால், அது 30 லிட்டர் தூய நீரிலுள்ள ஆக்சிஜன் முழுவதையும் கேட்கிறது. சாக்கடையின் ஒவ்வொரு சொட்டிலும் பாக்டீரியாக்கள் ஏற்கெனவே லட்சக்கணக்கில் இருப்பதால், நீரை நாறவைப்பது பாக்டீரியாப் பஞ்சம் அன்று, ஆக்சிஜன் பஞ்சமே என்பது விளங்கும். ஆக்சிஜன் தீர்ந்ததும் காற்றில்லாமல் வாழும் இனங்கள் தலையெடுத்து அமிலங்களையும், அழுகிய முட்டை நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடு வாயுவையும் வெளியிடுகின்றன. இந்த நிலையிலுள்ள குளத்தில் விலைக்கு வாங்கிய பாக்டீரியாக் கரைசலை எத்தனை பீப்பாய் ஊற்றினாலும், புதிதாக வந்தவையும் பழையவை மூச்சுத் திணறும் அதே நீரில்தான் பிழைத்தாக வேண்டும்.

கழிவுநீர்ச் சுத்திகரிப்பின் வரலாறு உறுதிப்படுத்துவதும் இதையே. 1914-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் எட்வர்ட் ஆர்டெர்ன், வில்லியம் லாக்கெட் என்னும் இருவர் சாக்கடை நீரில் தொடர்ந்து காற்றை ஊதி, அடியில் படிந்த கசடை வீசி எறியாமல் அடுத்த தொகுதி நீரோடு மீண்டும் மீண்டும் சேர்த்தனர். முதலில் வாரக் கணக்கில் எடுத்த தூய்மை சில மணி நேரமாகச் சுருங்கியது. உயிர்ப்புக் கசடு முறை என்று வழங்கும் இந்த முறையே இன்றும் உலகெங்கும் நகரச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அடிப்படை. அவ்விருவரும் வெளியிலிருந்து புதிய நுண்ணுயிர் எதையும் கொண்டுவரவில்லை என்பது கவனத்துக்குரியது. சாக்கடையிலிருந்த உயிர்களுக்குக் காற்றும் காலமும் தங்குமிடமும் கொடுத்தனர், அவ்வளவே. அவர்களுக்கு வழிகாட்டிய கில்பர்ட் ஃபவுலர் 1916-இல் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்துக்கு வந்து பணியாற்றினார். இந்த அறிவு இந்திய மண்ணை எட்டி நூறாண்டுக்கு மேலாகிறது. அப்படியிருந்தும் அதை இன்று பொடிப் பொட்டலமாக வாங்க முற்படுவது வருந்தத்தக்கது.

சிதம்பரத்துக்கு அருகில், புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லில் ஈ.எம். என்னும் நுண்ணுயிர்க் கலவை நெடுங்காலமாகப் பழக்கத்தில் உள்ளது. ஜப்பானின் ஒகினாவாவைச் சேர்ந்த தெருவோ ஹிகா 1980-களில் பரப்பிய இக்கலவையில் தயிரைப் புளிக்கவைக்கும் லாக்டிக் அமில பாக்டீரியா, ஈஸ்ட், ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியா ஆகியவை அடங்கும். கழிவறைத் தொட்டி, சமையலறைக் கழிவு, மாட்டுக்கொட்டகை போன்ற சிறிய, அடைபட்ட இடங்களில் புளிப்பு மிகுந்து நாற்றம் குறைவதற்கு இது உதவும். அந்தப் பயனை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் நாற்றம் குறைவது வேறு, பி.ஓ.டி. குறைவது வேறு. நாள்தோறும் புதிய சாக்கடை வந்து விழும் குளத்தில் இக்கலவையைப் பிசைந்த மண்ணுருண்டைகளை எறிவது, வாய்க்காலை அடைக்கும் கடமையிலிருந்து நகராட்சியின் கவனத்தைத் திருப்புவதற்கே பெரிதும் பயன்படும். மேலும் பாக்டீரியா தன் வேலையைச் செவ்வனே முடித்தாலும் கழிவிலிருந்த பாஸ்பரஸ் எங்கும் போய்விடுவதில்லை. அது பாசியாகவும் ஆகாயத்தாமரையாகவும் மறுபிறப்பு எடுத்துக் குளத்தை மூடும். செடியைக் கரையேற்றி அகற்றினாலோ சேற்றைத் தூர்வாரினாலோ ஒழிய அது நீங்காது.

நைட்ரஜனின் கதை வேறு. மலத்திலும் உணவிலும் உள்ள புரதம் சிதைந்தால் அம்மோனியா பிறக்கிறது. அம்மோனியா மீனுக்கும் இறாலுக்கும் நஞ்சு. நைட்ரோசோமோனாஸ் முதலிய பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், நைட்ரோபாக்டர் முதலியவை நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. பின்னர் காற்றில்லாச் சேற்றில் வாழும் வேறு பாக்டீரியாக்கள் நைட்ரேட்டிலிருந்து ஆக்சிஜனைப் பறித்துக்கொண்டு நைட்ரஜனை வாயுவாக வானில் விட்டுவிடுகின்றன. முதல் இரு படிகளைச் செய்யும் உயிர்களை 1890 வாக்கில் பிரித்துக் காட்டியவர் ரஷ்ய அறிஞர் செர்கேய் வினோகிராத்ஸ்கி. அவை அம்மோனியாவை எரித்துக் கிடைக்கும் அற்ப ஆற்றலில் கரியமில வாயுவிலிருந்து உடலைக் கட்ட வேண்டியிருப்பதால் மிக மெதுவாகப் பெருகுகின்றன. பிற பாக்டீரியாக்கள் அரை மணிக்கு ஒருமுறை இரட்டிக்க முடிந்தால், இவற்றுக்கு அரை நாள், ஒரு நாள் எனக்கூட ஆகும்.

இந்த அறிவு மிகக் கூர்மையாகத் தேவைப்படும் இடம் இறால் பண்ணை. 1990-களில் தமிழகக் கடற்கரையில் புலி இறால் வளர்ப்பு கட்டுப்பாடின்றிப் பரவியபோது, குடிநீரும் வயலும் உவர்ப்பதை எதிர்த்துக் காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அதன் பின்விளைவாகவே 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. வெண்புள்ளி நோயால் புலி இறால் வளர்ப்பு நொடித்துப்போக, 2009 முதல் வனாமி இறால் அனுமதிக்கப்பட்டது. வனாமி நெருக்கமாக வளர்க்கப்படும் இனம். நெருக்கம் கூடினால் தீவனமும் கூடும். தீவனம் கூடினால் அம்மோனியாவும் கூடும். 35 விழுக்காடு புரதமுள்ள 100 கிலோ தீவனத்தில் ஏறத்தாழ 5.6 கிலோ நைட்ரஜன் இருக்கிறது. அதில் கால் முதல் மூன்றில் ஒரு பங்கு வரையே இறாலின் உடலில் சேர்கிறது. எஞ்சிய 4 கிலோ அளவுக்கு நீரிலும் சேற்றிலும் தங்குகிறது. அது முழுவதும் அம்மோனியாவாகி நைட்ரேட்டாக மாற வேண்டுமானால், ஒரு கிலோவுக்கு 4.57 கிலோ வீதம் சுமார் 18 கிலோ ஆக்சிஜன் வேண்டும். நீரின் காரத்தன்மையும் சுண்ணாம்புக் கணக்கில் 28 கிலோவுக்கு மேல் கரைந்துபோகும். காற்றூட்டும் ஏரேட்டர் சுழலாத குளத்திலும், சுண்ணாம்பு போடாத குளத்திலும் புரோபயாடிக் எனப்படும் நுண்ணுயிர்ப் பொடி எதையும் சாதிக்காது என்பதை அனுபவமுள்ள பண்ணையாளர்கள் இந்தக் கணக்கு இல்லாமலே அறிந்திருக்கிறார்கள்.

சந்தையில் விற்கும் புரோபயாடிக் பொடிகளைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டிய ஒன்று உண்டு. பேசில்லஸ் இனங்கள் வறட்சி வந்தால் தம்மைச் சுற்றிக் கடினமான உறை அமைத்து வித்துருவாக மாறி, பொடியாகப் பல மாதம் கிடந்தும் நீர்பட்டால் உயிர்த்தெழக்கூடியவை; அவை குளத்தின் அடிச்சேற்றிலுள்ள கரிமக் கழிவைச் சிதைப்பதிலும், விப்ரியோ போன்ற நோய்க்கிருமிகளோடு இடத்துக்கும் உணவுக்கும் போட்டியிடுவதிலும் பயனுள்ளவை. ஆனால் நைட்ரோசோமோனாஸுக்கும் நைட்ரோபாக்டருக்கும் வித்துருவாகும் திறன் இல்லை. உலர்ந்த பொடியில் அவையும் இருப்பதாக அட்டையில் அச்சிட்டிருந்தால், அக்கூற்றை ஆய்வகச் சோதனைக்கு உட்படுத்தாமல் நம்பக்கூடாது. பண்ணையாளர் அரிசித் தவிடு, மொலாசஸ், ஈஸ்ட் ஆகியவற்றை ஒருநாள் புளிக்கவைத்துக் குளத்தில் இடும் முறைக்கு இதைவிட உறுதியான அறிவியல் அடிப்படை உண்டு. கரியும் நைட்ரஜனும் 15-க்கு 1 என்ற அளவுக்கு மேல் இருக்கும்படி மொலாசஸ் சேர்த்தால், குளத்திலேயே இருக்கும் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நேரே தம் உடற்புரதமாக மாற்றித் திரள்திரளாகச் சேர்கின்றன; அத்திரளை இறால் மீண்டும் உண்கிறது. பயோஃபிளாக் எனப்படும் இம்முறையை வகுத்தவர்களுள் இஸ்ரேலின் யோராம் அவ்னிமெலெக் முதன்மையானவர். கூடுதல் பாக்டீரியாவும் கூடுதலாக மூச்சு விடும் என்பதால் இதற்கும் காற்றூட்டம் இன்றியமையாதது. அறுவடை நாளில் குளத்து நீரை நேரே கழிமுகத்தில் திறந்துவிடாமல், படிவுக் குளத்தில் தேக்கிப் பின் விடுவது பண்ணையாளர் வெள்ளாற்றுக்குச் செய்ய வேண்டிய குறைந்த அளவுக் கடமை.

இதுவரை சொன்ன வீட்டுச் சாக்கடையும் இறால் பண்ணைக் கழிவும் உயிரிலிருந்து வந்து உயிருக்கே உணவாகும் அழுக்குகள். உப்பனாற்றை அடையும்போது நிலைமை அடியோடு மாறுகிறது. 1980-களில் அமைந்த கடலூர் சிப்காட் வளாகத்தில் பூச்சிக்கொல்லி, மருந்து, சாயம், அவற்றின் இடைநிலை வேதிப்பொருள்கள் ஆகியவற்றைச் செய்யும் ஆலைகள் இடம்பெற்றன. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-இல் நாட்டின் 88 தொழிற்பகுதிகளை மதிப்பிட்டு வெளியிட்ட மாசுக் குறியீட்டில் கடலூர் 77.45 புள்ளிகள் பெற்றது. 70-க்கு மேல் பெற்றவை மிகக் கடுமையாக மாசடைந்தவை என்று வகுக்கப்பட்டன. அவ்வாறு வகுக்கப்பட்ட 43 பகுதிகளுள் கடலூரும் ஒன்று. குடிகாடு, ஈச்சங்காடு, செம்மங்குப்பம், சோனாஞ்சாவடி ஆகிய சிற்றூர்களின் மக்கள் 2004 முதல் தாங்களே காற்றின் நாற்றத்தைக் குறித்துவைத்தும் மாதிரி எடுத்தும் கண்காணித்து வந்தது, இந்திய மாசு எதிர்ப்பு வரலாற்றில் மதிப்போடு குறிக்கத்தக்க முயற்சி.

இவ்வகை வேதிப்பொருள்களையும் தின்னும் நுண்ணுயிர்கள் இல்லாமல் இல்லை. பாரத்தியான், டயசினான் என்னும் பாஸ்பரஸ் சார்ந்த பூச்சிக்கொல்லிகளைச் சிதைக்கும் ஃபிளேவோபாக்டீரியம் ஒன்றை நெல்வயல் நீரிலிருந்து பிரித்து 1973-இல் உலகுக்கு அறிவித்தவர்களுள் ஒருவர் இந்திய அறிஞர் என். சேதுநாதன். இத்துறையின் தொடக்கக்காலச் சாதனைகளுள் அது ஒன்று. ஆயினும் ஒரு பொருளைச் சிதைக்கும் பாக்டீரியா கிடைத்ததாலேயே ஆறு தூய்மையாகிவிடாது. சாயத் தொழிலில் பெருவழக்கான அஸோ சாயங்களை எடுத்துக்கொண்டால், காற்றில்லா நிலையில் பாக்டீரியாக்கள் அவற்றின் நைட்ரஜன் பிணைப்பை அறுத்து நிறத்தைப் போக்குகின்றன. ஆனால் அப்போது உண்டாகும் அரோமேட்டிக் அமீன்களில் சில புற்றுநோய் விளைவிப்பவை. அவற்றைக் காற்றுள்ள இரண்டாம் தொட்டியில் வேறு பாக்டீரியாக்கள் சிதைத்தாக வேண்டும். முதற்படியோடு நிறுத்திவிட்டு, நீர் தெளிந்துவிட்டது என்று கண்ணால் கண்டு மகிழ்வோர் முன்னைவிடக் கொடிய நஞ்சை ஆற்றில் விட்டவராவர். மருந்து, பூச்சிக்கொல்லி ஆலைகள் மாதத்துக்கு ஒரு பொருளாக மாற்றி மாற்றிச் செய்வதும் இன்னோர் இடர்: ஒரு கழிவுக்குப் பழகிய பாக்டீரியாக் கூட்டம், மறுவாரம் வேறு கழிவும் திடீரென உப்பும் ஏறிய நீரைக் கண்டால் செத்துவிடும். அதை மீண்டும் வளர்த்தெடுக்க வாரங்கள் ஆகும். அந்த வாரங்களில் வெளியேறும் நீர் பெயரளவில்தான் சுத்திகரிக்கப்பட்டது.

உலோகங்களின் நிலை இன்னும் கடினம். உப்பனாற்றின் படிவுகளைத் துளைத்தெடுத்து அவற்றில் அமிலத்தால் கரைந்து வரும் உலோகங்களை அளந்த ஆய்வு ஒன்று 2006-இல் வெளியாயிற்று. குரோமியம், தாமிரம், நிக்கல், ஈயம், துத்தநாகம், காட்மியம் போன்றவை அதில் ஆராயப்பட்டன. ஈயம் ஒரு தனிமம். அதை எந்த உயிரும் தின்று தீர்க்க முடியாது. நுண்ணுயிர் செய்யக்கூடியது அதன் வேதி வடிவத்தை மாற்றுவது மட்டுமே. கடல்நீரில் லிட்டருக்கு 2.7 கிராம் அளவுக்குச் சல்பேட் இருப்பதால், கழிமுகச் சேற்றில் டீசல்ஃபோவிப்ரியோ போன்ற பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதிலாகச் சல்பேட்டைச் சுவாசித்து ஹைட்ரஜன் சல்பைடை வெளியிடுகின்றன. அது ஈயம், காட்மியம், துத்தநாகம் ஆகியவற்றோடு கூடிக் கரையாத சல்பைடாகச் சேற்றில் இறங்கிவிடுகிறது. சேறு கருநிறமாக இருப்பதற்கு இரும்புச் சல்பைடே காரணம். உலோகம் அங்கே கட்டுண்டு கிடக்கிறது, நீங்கவில்லை. அந்தச் சேற்றைத் தூர்வாரிக் கரையில் கொட்டினால் காற்றுப்பட்டுச் சல்பைடு சிதைந்து உலோகம் மீண்டும் நீரில் கரைந்து, நண்டுக்கும் மட்டிக்கும், அவற்றை உண்ணும் மீனவர் குடும்பங்களுக்கும் சென்று சேரும். எனவே உப்பனாற்றைத் தூர்வார முன்வரும் எந்தத் திட்டமும் சேற்றின் உலோக அளவைச் சோதித்த பின்னரே தொடங்க வேண்டும்.

பிச்சாவரம் இதே வேதியியலை இயற்கையாக நடத்திவரும் இடம். சுரபுன்னை, வெண்கண்டல், தில்லை முதலிய மரங்களின் வேரடியில் காற்றுள்ள மண்ணும் காற்றில்லா மண்ணும் விரலளவு இடைவெளியில் அமைந்திருப்பதால், அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாவும் நைட்ரேட்டை வாயுவாக்கும் பாக்டீரியாவும் அண்டை வீட்டாராக வாழ முடிகிறது. 1960-கள் முதல் பரங்கிப்பேட்டையில் இயங்கிவரும் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் உயராய்வு மையம் இந்நுண்ணுயிர்களைப் பற்றி ஏராளமாக எழுதியுள்ளது. அம்மையத்தைச் சேர்ந்த கே. கதிரேசன் 2003-இல் வெளியிட்ட ஆய்வில் பாலித்தீன் பைகள் அலையாத்தி மண்ணில் 9 மாதங்களில் அதிக அளவாக 4.21 விழுக்காடு சிதைந்தன; அங்கிருந்து பிரித்த சூடோமோனாஸ் பாக்டீரியாவை ஆய்வகத்தில் தனியே வளர்த்தபோது ஒரே மாதத்தில் 20.54 விழுக்காடு சிதைந்தது. குடுவைக்கும் களத்துக்கும் உள்ள இந்த இடைவெளியை மறைக்காமல் ஒரே கட்டுரையில் வெளியிட்டது அந்த ஆய்வின் நேர்மை. நுண்ணுயிர்த் தூய்மையை விற்போர் எவரும் குடுவையின் எண்ணை மட்டுமே சொல்வது வழக்கம்.

பிச்சாவரம் தரும் வேறொரு பாடமும் உண்டு. முற்காலத்தில் பகுதி பகுதியாகக் காட்டை வெட்டி எடுத்ததால் நிலம் குழிந்து, தேங்கிய கடல்நீர் ஆவியாகி, உப்பு மிகுந்து, மரம் முளைக்காத வெறுநிலங்கள் உண்டாயின. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் உள்ளூர் மக்களும் சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி ஓதநீர் வந்துபோக வழி செய்த பின்னர் அங்கே காடு திரும்பியது. நீரோட்டத்தைச் சரிசெய்ததே அங்கு மருந்து. இருக்கும் உயிர்களுக்கு வழி செய்வதே பயன் தரும் என்பதற்கு வெளிநாட்டுச் சான்றும் உண்டு. அலாஸ்காவில் 1989-இல் எக்சான் வால்டஸ் கப்பல் எண்ணெய் கொட்டியபோதும், கடற்கரைக் கற்களில் நைட்ரஜன், பாஸ்பரஸ் உரமிட்டு அங்கேயே இருந்த பாக்டீரியாக்களை ஊக்கியது பலன் தந்த அளவுக்கு, வெளியிலிருந்து பாக்டீரியாவைக் கொண்டுவந்து தூவிய சோதனைகள் தரவில்லை.

ஆகவே பரிந்துரை இடத்துக்கு இடம் வேறுபடும். சிதம்பரத்தின் குளங்களுக்கு வேண்டியவை சாக்கடை வாய்க்கால்களைத் திருப்புவதும், திருப்ப முடியாத சிறு வாய்க்கால்களில் காற்றில்லாத் தொட்டி ஒன்றும் அதையடுத்து நாணலும் சம்பும் வளரும் சரளைப் படுகை ஒன்றும் அமைப்பதுமே. இவற்றில் நுண்ணுயிர் தானே குடியேறும். இறால் பண்ணைகளுக்கு வேண்டியவை தீவனக் கட்டுப்பாடு, காற்று, சுண்ணாம்பு, படிவுக் குளம், தரச்சோதனை செய்த பேசில்லஸ் ஆகியவை. உப்பனாற்றுக்கு வேண்டியது உலோகத்தையும் சிதையாத வேதிப்பொருளையும் ஆலையின் வாயிலுக்குள்ளேயே தனித்தனியே பிரித்து நிறுத்துவது. அது நடக்கும் வரை அந்த ஆற்றில் நுண்ணுயிர் ஊற்றும் எத்திட்டத்துக்கும் பொதுப்பணம் தரப்படலாகாது. நீரைத் தூய்மையாக்குவதாகக் கூறி எவர் வந்தாலும், தொடங்குமுன்னும் முடித்தபின்னும் பி.ஓ.டி., அம்மோனியா, உப்பு, உலோகம் ஆகிய நான்கின் அளவுகளைப் பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்று எடுக்க வேண்டும். அவ்வளவுகளைக் கடலூர் முதல் பிச்சாவரத்தை அடுத்த கிள்ளை வரையுள்ள ஊராட்சி அலுவலகங்கள் ஒவ்வொன்றிலும் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும் என்று இம்மாவட்ட மக்கள் கேட்க வேண்டும்.